இளந்தோள்களை எடைபோடுவோர்

பண்ணை என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. தஞ்சைத் தரணியில் நிலம் ஒருவனுக்கும் உழைப்பு இன்னொருவனுக்குமாய் இருந்த காலத்தில் உழைத்தவனைப் பண்ணையாள் என்றனர். அவனுக்கு ஓரளவேனும் பாதுகாப்பளிக்க 1952இல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. அச்சொல்லுக்கு நேரான ஆங்கிலச் சொல், கடல் கடந்த ஐக்கிய அமெரிக்க நாட்டிலே, வயலோடு தொடர்பற்ற ஒரு துறையில் ஏறக்குறைய நூறாண்டுகளாக வழங்கி வருகின்றது. பேஸ்போல் என்னும் பந்தாட்டத்தில், பெரிய கழகமொன்று தனக்கு வேண்டிய இளைஞரைச் சிற்றூர்களின் சிறிய கழகங்களில் இட்டு வளர்த்து, முற்றியவரை அறுவடை செய்துகொள்ளும் ஏற்பாட்டுக்கே பண்ணை முறை என்று பெயர்.

விளையாட்டைப் பற்றி இலக்கிய ஏட்டில் எழுதுவது ஏன் என்று நண்பர் சிலர் வினவக்கூடும். ஓர் இளைஞனின் தோள் எவ்வளவு பெறும் என்பதை யார் கணிக்கிறார், எந்த அளவுகோலால் கணிக்கிறார், யாருடைய நன்மைக்காகக் கணிக்கிறார் என்னும் வினாக்கள் விளையாட்டோடு முடிந்துவிடுவன அல்ல. அவை சமுதாய வரலாற்றின் வினாக்கள். கந்தப்பளை போன்ற தேயிலை மலைகளின் நடுவே பாடசாலை நடத்தும் நமக்கோ அவை அன்றாட வினாக்கள். மாணவரை எடைபோடுவது நம் தொழிலின் ஒரு கூறு அன்றோ?

1. பண்ணையின் பிறப்பு

பண்ணை முறையை வகுத்தவர் பிராஞ்ச் ரிக்கி. அவர் நிருவகித்த சென். லூயிஸ் கார்டினல்ஸ் கழகம் செல்வமிக்கதன்று. தேர்ந்த வீரரை விலை கொடுத்து வாங்க நியூயோர்க் கழகங்களோடு அதனால் போட்டியிட முடியவில்லை. ஆகவே, 1920களின் தொடக்கம் முதல் ரிக்கி வேறொரு வழியைக் கையாண்டார். விளைந்த பயிரை வாங்க இயலாதவன் நாற்றை வாங்கி வளர்ப்பது போல, சிற்றூர்க் கழகங்களைச் சொந்தமாக்கியும் உடன்படிக்கையால் இணைத்தும், அவற்றில் இளைஞரைக் கூட்டங்கூட்டமாகச் சேர்த்தார். 1930களின் இறுதியில் கார்டினல்ஸ் கழகத்தின் பிடியில் 30 அளவிலான சிறு கழகங்களும் நூற்றுக்கணக்கான இளைஞரும் இருந்தனர். எண்ணிக்கை பெருகினால் அதிலிருந்து தரம் தானே பிறக்கும் என்பது அவருடைய கொள்கை.

கொள்கை பலித்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்து, பருத்தி பறித்துப் பிழைத்த ஏழைக் குடும்பத்தில் வளர்ந்த டிசி டீன் என்னும் இளைஞர் இப்பண்ணையில் பயின்றே மேலே வந்தார். 1934இல் அவர் ஒரே பருவத்தில் 30 ஆட்டங்களில் தம் அணிக்கு வெற்றி தேடித்தந்தார். அவ்வாண்டின் உலகத் தொடரும் கார்டினல்ஸ் வசமாயிற்று. பள்ளிப் படிப்பை முற்றாகப் பெறாத ஒரு பருத்தித் தொழிலாளியின் மகன் நாடறிந்த வீரனானான் என்று பத்திரிகைகள் போற்றின.

கதையின் மறுபாதியை நாம் மறத்தலாகாது. 1937இல் ஓர் ஆட்டத்தின்போது வேகமாக அடிக்கப்பட்ட பந்து டீனின் கால்விரலைத் தாக்கி முறித்தது. விரல் முழுதும் ஆறுமுன்னரே அவர் களமிறங்கினார். நோவைத் தவிர்க்க எறியும் முறையை மாற்றினார். மாற்றவே தோள் கெட்டது. அடுத்த ஆண்டிலேயே அவரைக் கார்டினல்ஸ் கழகம் சிக்காகோ கழகத்துக்கு 1,85,000 டொலருக்கும் மூன்று வீரருக்கும் மாற்றாக விற்றுவிட்டது. ஒருவனை விலை இறங்கிய பின் விற்பதினும் இறங்குமுன் விற்பதே நன்று என்பது ரிக்கியின் வணிக நுட்பம். வீரர் விற்பனையால் வந்த பணத்தில் அவருக்கே ஒரு பங்கும் இருந்தது.

2. எண்ணால் அளக்கப்படும் உடல்

பந்தெறியும் இளைஞனை அந்நாட்டினர் எவ்வாறு கணிக்கின்றனர் என்பதையும் ஒருவாறு நோக்குதல் வேண்டும். ஊரூராகச் சென்று ஆள் தேர்வோர் உளர். இளைஞன் எறியும் பந்தின் வேகம், வளைந்து செல்லும் பந்தின் திறம், வேகப்பந்து போலத் தோன்றி மெதுவாக வந்து ஏய்க்கும் பந்தின் நயம், குறித்த இடத்தில் எறியும் கட்டுப்பாடு என ஒவ்வொன்றையும் பிரித்து, 20 முதல் 80 வரை புள்ளியிடுவர். உயர்நிலைக் கழகத்தில் ஆடும் சராசரி வீரனின் திறம் 50. இவ்வளவில் நில்லாது, ஒவ்வொரு கூறுக்கும் இரு புள்ளிகள் இடுவர்: ஒன்று இன்று அவன் இருக்கும் நிலைக்கு, மற்றொன்று நாளை அவன் எய்தக்கூடிய நிலைக்கு. உயரம், தோளின் அகலம், உடல் இன்னும் பருக்க இடமுண்டா, ஒரே அசைவைச் சோர்வின்றித் திரும்பத் திரும்பச் செய்ய முடிகிறதா, முழங்கை தாங்குமா என்பனவும் குறிப்பேட்டில் ஏறும். 1970களில் வேகத்தை அளக்கும் ராடார் கருவி வந்தது. இன்று பந்தின் சுழற்சியையும் எண்ணிச் சொல்லும் கருவிகள் வந்துவிட்டன.

‘நாளைய புள்ளி’ என்னும் கருத்து சிந்தனைக்குரியது. இன்று தடுமாறும் சிறுவனிடத்தில் நாளைய வீரனைக் காணும் கண், நல்லாசிரியனுக்கு வேண்டிய கண்ணே. அக்கண் நம் பரீட்சைத்தாள்களுக்கு இல்லை. ஆயின், கருவிகள் பெருகிய பின்னும் கணிப்புப் பொய்த்துப்போதல் குறையவில்லை. ஏனெனில் அளக்கப்படுவது எந்திரமன்று. தசையும் நரம்பும் ஆகிய உடல். 1974இல் பிராங்க் ஜோப் என்னும் மருத்துவர், டொமி ஜோன் என்ற வீரரின் முழங்கையில் அறுந்த தசைநாருக்கு மாற்றாக உடலின் வேறு பகுதியிலிருந்து நாரெடுத்துப் பொருத்தினார். அன்று புதுமையாயிருந்த அச்சிகிச்சை இன்று பள்ளி மாணவருக்கும் செய்யப்படுகின்றது. வேகத்துக்கே முதற்புள்ளி என்றானபின், வேகத்தை நாடி முற்றாத முழங்கைகள் முறுக்கப்படுகின்றன. அளவுகோல், தான் அளக்கும் பொருளையே மாற்றிவிடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

3. பிணைப்பும் துண்டும்

பண்ணையிற் சேர்ந்த இளைஞன் விரும்பியபோது விலகிச் செல்ல இயலாது. ஒரு கழகத்தோடு ஒருமுறை கையொப்பமிட்டவன், அக்கழகம் விடுவிக்கும்வரை அல்லது விற்கும்வரை அதற்கே உரியவன் என்ற விதி அவ்விளையாட்டில் நெடுங்காலம் நிலவியது. மேற்கழகத்தில் இடமிருந்தாலும் இல்லாவிடினும் அவன் பண்ணையிலேயே காத்துக்கிடக்க வேண்டும். 1938இல் பேஸ்போல் ஆணையாளர் லாண்டிஸ், விதிகளை மீறி மறைமுகமாகப் பிடித்துவைக்கப்பட்டிருந்த கார்டினல்ஸ் பண்ணை வீரர் பலரை ஒரே ஆணையால் விடுவித்தார். எனினும் அடிப்படை விதி அசையவில்லை. தம்மைக் கேளாமலே வேறொரு கழகத்துக்கு மாற்றியதை எதிர்த்து வழக்காடிய கருப்பின வீரர் கேர்ட் பிளட், 1972இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 1975இல் வீரர் சங்கம் நடுவர் தீர்ப்பொன்றை வென்ற பின்னரே மேல்நிலை வீரரின் தளை அறுந்தது. பண்ணைகளில் ஆடிய இளைஞரோ மேலும் பல ஆண்டுகள் காத்திருந்தனர். குறைந்த ஊதியம் குறித்து அவர்கள் தொடுத்த வழக்கில் 18 கோடியே 50 இலட்சம் டொலர் கொடுக்கக் கழக உரிமையாளர் 2022இல் உடன்பட்டனர். அதே ஆண்டில் அவ்விளைஞர் தொழிற்சங்கத்தில் அமைந்தனர். 2023இல் அவர்களது முதற் கூட்டு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று.

இவற்றைப் படிக்கும் மலையக வாசகருக்கு ஒரு பழஞ்சொல் நினைவுக்கு வருதல் இயல்பு. அது ‘துண்டு’. தென்னிந்தியக் கிராமங்களில் ஆள் தேர்ந்து அழைத்து வந்த கங்காணி, வழிச்செலவையும் முன்பணத்தையும் தொழிலாளியின் பெயரில் கடனாய் எழுதினான். வேறொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகை கொடுத்தால் இவ்வாளை விடுவிக்கிறோம் எனத் துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். புதிய தோட்டம் கடனைக் கொடுத்து ஆளை எடுத்துக்கொள்ளும். கடனோ தொழிலாளியின் தலையிலேயே தங்கும். வேலைக்கு வரும் ஆள் ஒன்றுக்கு இவ்வளவு எனக் கங்காணிக்குத் தலைக்காசும் உண்டு. இத்துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ரிக்கி தமது பண்ணைகளுக்கு அடித்தளமிட்ட ஆண்டுகளும் அவையே. இரண்டும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. பந்தெறிந்து புகழடைய முயன்றவனையும் பட்டினிக்கு அஞ்சிக் கப்பலேறியவனையும் சமப்படுத்துவது வரலாற்றுக்குச் செய்யும் நேர்மையாகாது. ஆயினும் ஆளைத் தேர்ந்தவனுக்குப் பங்கு, ஆளுக்குத் தளை என்ற அமைப்பு இரண்டிலும் ஒன்றாயிருந்தது என்பது மனங்கொளத்தக்கது.

4. எடைக்கல் எட்டாத தோள்கள்

பண்ணையில் எடைபோடப்பட்டவனுக்கு நேர்ந்த கொடுமை ஒருபுறமிருக்க, எடைபோடவே படாதவனுக்கு நேர்ந்த கொடுமை அதனினும் பெரிது. ரிக்கி கார்டினல்ஸ் பண்ணைகளை விரித்த காலம் முழுவதும் அவற்றின் வாயில்கள் வெள்ளையருக்கே திறந்திருந்தன. அலபாமா மாநிலத்து மொபீல் நகரில் 1906இல் பிறந்த சச்சல் பேஜ், சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் பந்தெறியக் கற்றவர். கருப்பினத்தவர் தமக்கென நடத்திய கழகங்களில் இருபதாண்டுகளுக்கு மேலாக அவர் எறிந்தார். அவர் திறம் ஊரறிந்த செய்தி. ஆனால் மேல்நிலைக் கழகங்களின் குறிப்பேட்டில் அவருக்கு இடமில்லை. புரூக்ளின் கழகத்துக்கு மாறிய ரிக்கி, ஜாக்கி ரொபின்சனை 1946இல் மொன்றியல் பண்ணைக் கழகத்திலும் 1947இல் மேல்நிலையிலும் ஆடவிட்டு அந்நிறத்தடையைத் தகர்த்தார். அது அவருடைய பெருமை. அடுத்த ஆண்டில் கிளீவ்லண்ட் கழகம் பேஜை அழைத்தபோது அவருக்கு வயது 42. தோள் இளமையாய் இருந்த காலம் போய்விட்டது. அவரை எவரும் தவறாகக் கணித்துவிடவில்லை, கணிப்பதற்கே மறுத்துவிட்டனர்.

நம் மலைகளுக்குத் திரும்புவோம். இங்கு இளந்தோள்கள் எடைபோடப்படவில்லை என்று எவரும் கூறவியலாது. 1927ஆம் ஆண்டின் சட்டத்தை ஒட்டி 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச நாட்கூலி, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என விதித்தது. சிறுவனின் தோளுக்கு அரசாங்கமே விலை எழுதிய ஏடு அது. தேயிலைச் செடியைக் கணிக்கவோ, 1925இலேயே ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பின்னர் தலவாக்கலையில் நிலைகொண்ட அந்நிலையத்தில், ஒரு தாய்ச்செடியின் விளைச்சலையும் தாங்குதிறனையும் ஆண்டுக்கணக்கில் பொறுமையோடு நோக்கி, தேர்ந்ததைப் பதியமிட்டு, எண்ணிட்டுத் தோட்டங்களுக்கு வழங்கினர். இன்றைக்கும் டி. ஆர். ஐ. 2025 என்னும் இனத்தை மலையகத்தில் அறியாதார் அரியர். செடிக்குக் காட்டிய பொறுமையில் ஒரு கூறேனும் அச்செடியைக் கொய்தவளின் பிள்ளைக்குக் காட்டப்பட்டதா? 1907ஆம் ஆண்டின் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 10 வயதுவரை தாய்மொழிக் கல்வி தந்தாற் போதும் என்றது. பத்து வயதோடு முடியும் கல்வியில் பந்துக்கு இடமேது?

களமும் அவ்வாறே. சரிவெல்லாம் தேயிலை, பள்ளமெல்லாம் மரக்கறிப் பாத்தி, எஞ்சிய இடத்தில் லயம். கிரிக்கட் ஆட்டத்துக்கு வேண்டியது 22 யார் சமநிலமும் அதைச் சூழ்ந்த வெளியுமே. அவ்வெளி மலையில் இல்லாமலில்லை. ரதல்லையிலும் டரவெல்லையிலும் துரைமார் தங்கள் பொழுதுபோக்குக்கென மலையைச் சமப்படுத்தி அழகிய மைதானங்களை அமைத்துக்கொண்டனர். ஒரே மலையில், ஒரே கைகள் வெட்டிச் சமப்படுத்திய நிலம், ஒருவர் பிள்ளைக்கு ஆடுகளமாயிற்று. மற்றவர் பிள்ளைக்குப் பெரட்டுக்களமாயிற்று.

5. இலங்கையின் பண்ணை

இலங்கைக் கிரிக்கட்டுக்கும் ஒரு பண்ணை முறை உண்டு. அதற்குப் பாடசாலை என்று பெயர். 1880ஆம் ஆண்டு முதல் கொழும்பு றோயல் கல்லூரிக்கும் சென். தோமஸ் கல்லூரிக்கும் ஆண்டுதோறும் நடக்கும் ஆட்டம் இம்முறையின் தொன்மைக்குச் சான்று. பெரிய கல்லூரியிலிருந்து கொழும்புக் கழகம். கழகத்திலிருந்து தேசிய அணி என்பதே ஏணி. அமெரிக்கப் பண்ணையைப் போல இங்கு இளைஞனை எவரும் விலைக்கு வாங்குவதில்லை. கல்வியும் ஆட்டமும் ஒரு கூரையின்கீழ் நடக்கின்றன. அது இம்முறையின் சிறப்பு. ஏணியின் முதற்படி மைதானமும் பயிற்றுநரும் உள்ள பெருநகர்க் கல்லூரியின் வாயிலில் இருக்கின்றது. அது இதன் குறை.

இவ்வேணியில் ஏறியவருள் நமக்கு மிக நெருங்கியவர் முத்தையா முரளிதரன். அவருடைய பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பின்னர் திருச்சிராப்பள்ளிக்கே திரும்பினார். இலங்கையில் தங்கிய மகன் கண்டியை அடுத்த பகுதியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். 1972இல் பிறந்த முரளிதரன் கட்டுகஸ்தோட்டை சென். அந்தோனியார் கல்லூரியில் பயின்றார். முதலில் மிதவேகப் பந்து வீசியவர் அவர். பதினான்கு வயதளவில், சுழற்பந்து வீசிப்பார் என்று பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ வழிமாற்றினார். 1990–91 பருவத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கட்டுகளை வீழ்த்தி, அவ்வாண்டின் சிறந்த பாடசாலை வீரர் விருதை அவர் பெற்றார். பின்பு கொழும்புத் தமிழ் யூனியன் கழகம்; 1992 ஓகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட்; 2010இல் காலியில் 800ஆவது விக்கட்டோடு விடை.

பயிற்றுநரின் கணிப்பு எவ்வாறு பலித்தது என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். அது ஒருநாட் பார்வையில் விளைந்ததன்று. பையன் நாள்தோறும் கண்முன் வந்தான். வேகத்தில் தோற்றால் சுழற்சியில் முயல அவனுக்குக் காலம் இருந்தது. தவறினாலும் அடுத்த கிழமை ஆட இடம் இருந்தது. பாடசாலையை விட்டு அவனை எவரும் விலக்கிவிடவில்லை. அவ்வயதில் அவன் வாழ்வு ஒரு தோட்டத்தின் பேர்ப்பதிவில் ஏறியிருந்தால், அம்மணிக்கட்டு கொழுந்து நிறுக்கும் தராசுக்கு மட்டுமே தெரிந்திருக்கும். ஒரு தலைமுறைக்குள் தோட்டத்திலிருந்து நகர்க் கல்லூரிக்கு வந்த வழி அக்குடும்பத்துக்குக் கிடைத்தது. அவ்வழி கிடையாத குடும்பங்கள் எத்தனை என்று கேட்பவர்க்கே இவ்வரலாறு முழுமையாய்ப் புலப்படும்.

அதன் பின்னும் கணிப்பு முடியவில்லை. 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயர், முரளிதரன் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று கூறித் திரும்பத் திரும்ப முறையற்ற பந்தென அறிவித்தார். பேஸ்போலில் முழங்கையை மடக்கி எறிவதே கலை. கிரிக்கட்டில் அதுவே குற்றம். பிறவியிலேயே முழுதும் நீளாத முழங்கை அவருடையது. 1996இல் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழக ஆய்வாளர் அளந்து பார்த்து, கண்ணுக்கு எறிவதுபோலத் தோன்றுவது தோற்ற மயக்கமே என்றனர். பின்னர் பிற பந்துவீச்சாளரையும் படமெடுத்து ஆராய்ந்தபோது, ஐயத்துக்கு இடமற்றவராய்க் கருதப்பட்டோர் பலரின் முழங்கையும் அன்றைய வரம்புக்கு மேல் நீள்வது தெரியவந்தது. வீச்சின் வேகத்துக்கேற்ப 5, 7.5, 10 பாகை என்றிருந்த வரம்பு, 2005இல் எல்லார்க்கும் 15 பாகை ஆயிற்று. ஒருவனை அளக்கப் போய், அளவுகோலே பிழை என்று கண்டனர். தனக்குப் பழக்கமில்லாத உடலைக் காணும் கண் அதைக் குற்றமென்று முதலில் தீர்ப்பளிக்கிறது, பின்னரே அளக்கிறது.

இக்குறையைத் தவிர்த்த கணிப்பாளரும் உளர். காலிக்கு அண்மையில் ரத்கமையில் மென்பந்து ஆடிப் பழகிய லசித் மாலிங்கவின் கை, தோளுக்கு மேலே செல்லாமல் பக்கவாட்டில் சுழன்று வந்தது. முன்னாள் டெஸ்ட் வீரர் சம்பக்க ராமநாயக்க அவரைக் கண்டெடுத்தபோது, அவ்விசித்திர வீச்சை நூல்முறைப்படி திருத்திக் கெடுத்துவிடவில்லை. கிராமத்துக் கடற்கரையும் மென்பந்தும் தந்த கல்வியை அவர் மதித்தார்.

6. ஒரு நாள் தேர்வும் ஆண்டுப் பயிற்சியும்

தமிழகத்திலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் நெசவுத் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்த த. நடராஜன் இருபதாம் வயதளவிலும் மென்பந்தே ஆடிக்கொண்டிருந்தார். ஊரவராகிய ஜெயப்பிரகாஷ் என்பவர் சென்னைக் கழக ஆட்டங்களுக்கு வழிகாட்டினார். 2015இல் தமிழ்நாட்டு அணியில் இடம்பெற்றபோது இவர் வீச்சும் ஐயத்துக்குள்ளாயிற்று. பயிற்றுநரின் துணையோடு திருத்திக்கொண்டு மீண்டார். 2017இல் ஏலத்தில் 3 கோடி ரூபாவுக்கு எடுக்கப்பட்டார். 2020 டிசம்பரில் இந்திய அணியில் ஆடினார். ஏலம் என்னும் சொல் மனிதர்மீது வழங்குவதைக் கண்டு நாம் நாணலாம். எனினும் பொருள் பெற்ற பின் அவர் தம் ஊரிலேயே மைதானம் அமைத்து அதை 2023இல் திறந்ததில் ஒரு செய்தி இருக்கின்றது. தமக்குக் கிடையாதது திறமன்று, களமே என்பதை அவர் அறிந்திருந்தார்.

இந்தியாவிலிருந்து நேரே அமெரிக்கப் பண்ணைக்குச் சென்ற இருவரின் கதையும் இங்கே பொருந்தும். 2008இல் அமெரிக்கர் சிலர் ராடார் கருவியோடு இந்திய நகரங்களில் போட்டி நடத்தி, வேகமாகப் பந்தெறிவோரைத் தேடினர். பல்லாயிரவர் எறிந்தனர். மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்த ரிங்கு சிங் முதற்பரிசாக 1,00,000 டொலர் வென்றார். அவரும் தினேஷ் பட்டேலும் உத்தரப் பிரதேசத்து எளிய குடும்பத்தினர், ஈட்டி எறிபவர், போட்டிக்குமுன் பேஸ்போலை அறியாதவர். இருவரையும் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் கழகம் தன் பண்ணையிற் சேர்த்தது. தினேஷ் 2010இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு சில படிகள் ஏறிப் பின்னர் காயங்களால் நின்றார். இருவரும் மேல்நிலையை எட்டவில்லை. கதையைப் படமாக்கியோர் ராடார் கருவி கண்ட அதிசயத்தைக் காட்டினர். ஆனால் அவ்விருவரும் இலக்னோவில் மாநில அரசின் விளையாட்டுக் கல்லூரியில் பயின்றவர் என்பதே நமக்கு முதன்மையான செய்தி. கருவி கண்டது, பொதுப் பணத்தில் ஆசிரியர் பல ஆண்டுகள் வளர்த்த தோளை.

7. நமக்குரியது

இவ்வரலாறுகளையெல்லாம் ஒருங்கே வைத்து நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. இளைஞனின் திறத்தைக் கணிப்பது கூரிய கண்ணால் மட்டும் ஆவதன்று. களம் வேண்டும், காலம் வேண்டும், பொருந்தாவிடின் அச்சமின்றி வேறுவழி செல்லும் உரிமையும் வேண்டும். ரிக்கியின் பண்ணை களம் தந்தது, உரிமையைப் பறித்தது. ராடார் போட்டி ஒரு வாய்ப்புத் தந்தது. போதிய காலம் தரவில்லை. நம் தோட்டங்களோ நெடுங்காலம் மூன்றையும் மறுத்தன. மறுத்துவிட்டு, இம்மலையில் திறமில்லை என்று தீர்ப்பும் எழுதின. விதைக்காத நிலத்தை மலடென்பது எந்த நீதி?

எண்ணிக்கையிலிருந்து தரம் பிறக்கும் என்ற ரிக்கியின் கொள்கையை நாம் தலைகீழாக நிறுத்திக் காண்போம். நூறு பேரைச் சேர்த்து ஒருவனை அறுவடை செய்தால் மற்றத் தொண்ணூற்றொன்பது பேர் என்னாவர் என்பதே கேள்வி. அவர்களைச் சருகென ஒதுக்கும் முறை வணிகம். அவர்களுக்கும் உடல்நலமும் நட்பும் தன்மதிப்பும் ஈவது கல்வி. பாடசாலை மைதானம் தேசிய அணிக்கு ஒரு வீரனையும் தராமற் போகலாம். அதனால் அது வீணாயிற்றென்று எண்ணுவது தோட்டக் கணக்கன் மனப்பான்மை.

மலையகப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு சமநிலம், பயிற்றப்பட்ட விளையாட்டாசிரியர் ஒருவர், மாவட்டத்துக்குள் ஒழுங்கான போட்டிகள், கல்லூரியும் கழகமும் கிராமத்தை நாடிவரும் தேர்வுமுறை ஆகியவை பெரிய கோரிக்கைகள் அல்ல. பெண்பிள்ளைகளுக்கும் அவ்வாறே வேண்டும். 43 சதமென்று விலை எழுதப்பட்ட அத்தோள்களை எடைபோட எவரும் இன்னும் போதிய அளவு வரவில்லை. முற்றாத முழங்கையை ஓயாது வீசவைத்து வெற்றிக்கோப்பை தேடாதிருப்பது ஆசிரியராகிய நம் பொறுப்பு. விசித்திரமாய் வீசும் பிள்ளையைக் கண்டவுடன் திருத்த முனையாது, சில நாள் நின்று பார்ப்பதும் நம் பொறுப்பே.

தலவாக்கலை ஆராய்ச்சியாளர் ஒரு செடியை நிராகரிக்குமுன் அதற்கு மண்ணும் நீரும் பல பருவங்களும் கொடுத்தனர். கந்தப்பளைச் சரிவில் லயத்துக்கும் மலைக்கும் இடையிலான ஒற்றையடிப் பாதையில், பந்து உருண்டு தேயிலைக்குள் போகாதபடி ஒரு கண் வைத்துக்கொண்டே வீசும் சிறுவனும் சிறுமியும் அதற்குக் குறைந்ததைக் கேட்கவில்லை. முதலில் நிலத்தைக் கொடுப்போம். எடைக்கல்லைப் பின்னர் எடுப்போம்.